பிறத்தியார் முடி

ஜூன் 3, செவ்வாய்

உலகத்துச் சக்கரவர்த்திகள் எல்லாரும் தங்கள் காலத்தைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். எனக்குக் கல் அமையவில்லை. உர லாரிக்காரர் ஒருவர் பொங்கலுக்குக் கொடுத்த டைரிதான் அமைந்தது. ஐந்து மாதமாகக் கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்ததை உருவி எடுத்து இன்று எழுதத் தொடங்கிவிட்டேன். கட்டில் இப்போது ஆடுகிறது. சரித்திரத்துக்காக இதைக்கூடப் பொறுக்காவிட்டால் எப்படி.

எழுதுகிறவன் சிவனணைந்த பெருமாள், வயது ஐம்பத்தாறு, தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் லாரி எடைமேடையை ஆண்டு வருபவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உச்சந்தலையில் ஒரு முடி கிடையாது. மேலுதட்டிலோ ஒரு சாம்ராஜ்யம். மழை வருமா என்று எங்கள் தெருப் பெண்கள் என் மீசை முறுக்கைப் பார்த்துத்தான் வடாம் காயப் போடுகிறார்கள்.

ஜாகை, தங்கை பிச்சம்மாள் வீட்டு மாடியறை. தங்கை புருஷன் கப்பலில் இன்ஜின் பார்க்கிறார். வருஷத்தில் ஒன்பது மாதம் கடலிலும் மூன்று மாதம் தூக்கத்திலும் இருப்பார். அவர்களுக்கு ஒரே மகள், வடிவு. வயது இருபத்து நாலு. தனியார் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர்.

இந்த டைரியின் கதாநாயகி வடிவு அல்ல. அவள் தலைமுடி. நேராக விழாமல், சுருண்டும் போகாமல், நெளிநெளியாக இடுப்புக்குக் கீழே இறங்கும். அவள் மாடியில் நின்று அவிழ்த்து உலர்த்தினால் மூன்று வீட்டுக்கு வெயில் விழாது. நான்காம் வீட்டுச் சேவல் பொழுது சாய்ந்துவிட்டதென்று கூண்டுக்குத் திரும்பும்.

அந்த முடிக்கு நான் ஒரு துரோகம் செய்திருக்கிறேன். நேற்றுத்தான் செய்தேன். இன்னதென்று எழுத இன்று கை வரவில்லை. நோட்டும் நானும் முதலில் கொஞ்சம் பழகிக்கொள்கிறோம்.

சாயங்காலம் அகலப் பல் வைத்த வேப்பமரச் சீப்பு ஒன்று வாங்கி வந்து வடிவிடம் கொடுத்தேன்.

“என்ன மாமா திடீர்னு?”

“சும்மாதாம்ட்டி.”

“நீங்க சும்மா ஒரு கடலமிட்டாய் கூட வாங்கித் தரமாட்டீங்களே.”

படித்த பெண்களுக்கு மாமனாக இருப்பது லேசான உத்தியோகம் இல்லை.

ஜூன் 5, வியாழன்

திருநெல்வேலிக்குப் போய் ஒரு கவரை வாங்கி வந்தேன். உள்ளே நல்ல சேதி. நல்ல சேதியைக் கண்டு இப்படி நடுங்கின மனிதன் பாண்டிய நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஜூன் 8, ஞாயிறு

வடிவு தலை குளிக்கும் நாள். திருவிழாவுக்கு உண்டான அத்தனை ஏற்பாடும் இதற்கு உண்டு.

எங்கள் ஊரில் நீண்ட முடி வளர்ப்பது சுடுகாட்டில் மல்லிகை வளர்ப்பது மாதிரி. காற்றில் உப்பு. போர் தண்ணீரில் அதைவிட உப்பு. அதில் ஒரு மாதம் குளித்தால் மனிதனைக் கருவாட்டுக் கடையில் தொங்கவிடலாம். ஆகையால் முந்தின நாள் சாயங்காலமே நடு முடியிலிருந்து நுனி வரைக்கும் தேங்காய் எண்ணெய். மறுநாள் ஷாம்பு உச்சந்தலைக்கு மட்டும். கண்டிஷனர் என்னும் வெண்ணெய் நுனிக்கு மட்டும். மாற்றிப் போட்டால் குடி முழுகிவிடும். ஈரத்தோடு சீப்பு ஓடும்போது நுனியில் ஆரம்பித்து மேலே ஏற வேண்டும். மேலிருந்து இழுத்தால் சிக்கு எல்லாம் கீழே வந்து மாநாடு போடும். துண்டை வைத்துத் துவட்டக் கூடாது. துண்டு முடியை உரசி உரசிப் பஞ்சாக்கிவிடுமாம். என் பழைய எட்டு முழ வேட்டியால் ஒற்றி எடுக்க வேண்டும். கடைசி அலசலுக்குக் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர்தான்.

அந்தத் தண்ணீரை இத்தனை நாளும் வடிவே தெருக்குழாயில் பிடித்து வருவாள். இன்று நான் ஆறு குடம் தூக்கினேன். ஏழாவது குடத்துக்குப் போனபோது பிச்சம்மா வாசலில் மறித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, ஒனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

“ஏன், நல்லாத்தானே இருக்கேன்.”

“அதாங் கேக்கேன்.”

குளித்து முடித்து ஈரமுடியில் ஒரு க்ரீமைத் தடவுகிறாள். அலசத் தேவையில்லாத க்ரீம். ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்குமாம். அவள் அந்தப் பக்கம் போனதும் பட்டாணி அளவு எடுத்து மீசைக்குப் போட்டுக்கொண்டேன். இரண்டு வருஷமாக நான் வசூலிக்கும் வரி இது. மீசை பட்டு மாதிரி நிற்கிறது. டப்பா ஏன் சீக்கிரம் காலியாகிறது என்று வடிவு கேட்டால் பல்லி என்பேன். எங்கள் வீட்டுப் பல்லிகளுக்கு நுனி வெடிப்பு கிடையாது.

ஜூன் 15, ஞாயிறு

எட்டுக் குடம்.

வடிவின் முடிக்கு ஒரு சரித்திரம் உண்டு. சரித்திரக்காரன் உண்மையை மறைக்கக் கூடாது, ஆகவே எழுதுகிறேன்.

சின்ன வயதில் பிச்சம்மா அந்த முடியில் எண்ணெயை ஊற்றி இழுத்து இழுத்து இரட்டைச் சடை போடுவாள். ஒரு மணி நேரத்தில் அது பிய்த்துக்கொண்டு சிலிர்த்து நிற்கும். அதைப் பார்த்து ஒருவன் அவளுக்குத் “தும்புக்கட்டு” என்று பேர் வைத்தான். தேங்காய் மட்டையை அடித்துப் பிரிப்பார்களே, அந்தத் தும்பு. தெருவெல்லாம் அந்தப் பேர் ஓடியது, பள்ளிக்கூடம் வரைக்கும். கல்யாண வீடுகளில் தூரத்துச் சொந்தமெல்லாம் “தும்புக்கட்டு வந்தாச்சா” என்று விசாரித்தது.

இருபது வயதில் கையில் கொஞ்சம் துட்டுச் சேர்ந்ததும் வடிவு யாருக்கும் சொல்லாமல் ஒரு பார்லருக்குப் போய் மருந்து போட்டு, சூடு வைத்து, முடியை இரும்புக் கம்பி மாதிரி நிமிர்த்தி வந்தாள். நாலு மாதம் அழகாக இருந்தது. அப்புறம் ஒவ்வொரு நுனியும் இரண்டாய், மூன்றாய்ப் பிளந்தது. வெந்த முடி சீப்போடு வந்தது. கடைசியில் கழுத்துவரை வெட்டி எறிந்தார்கள். அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தன் முடி முரட்டு முடி இல்லை, நெளிமுடி, அதற்குத் தேவை ஈரம்தான் என்று அவளே படித்து, அவளே பழகி, அங்குலம் அங்குலமாக வளர்த்தாள். நாலு வருஷம் ஆகிறது.

பேர் வைத்தவன் யார் என்பது சரித்திரத்துக்கு அவ்வளவு முக்கியம் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

இன்று எடைமேடையில் லாரி வரத்து இல்லை. ஆள் இல்லாத நேரத்தில் மேடை மேல் ஏறி நின்றேன். நாற்பது டன் நிறுக்கும் யந்திரத்துக்கு நான் தெரியவே இல்லை, முள் அசையவில்லை. நான் சுமப்பதையும் சேர்த்து நிறுத்திருந்தால் யந்திரம் மண்ணுக்குள் இறங்கியிருக்கும்.

சரி, எழுதிவிடுகிறேன்.

மே மாதம் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவு. வீட்டில் சொல்லவில்லை. திருநெல்வேலியில் ஒரு டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, ஊசி போட்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். ஜூன் இரண்டாம் தேதி எடுத்தார்கள். முடிவு வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில், இடது பக்கம் ஒருவர் குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், வலது பக்கம் ஒருவருக்குக் குரலே இல்லை. புலியைக் கண்டால் மீசையை முறுக்குவேன் என்று ஊரில் பீற்றிக்கொண்டவன், அங்கே இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உட்கார்ந்து திருச்செந்தூர் முருகனிடம் பேரம் பேசினேன். முடி காணிக்கை தரலாமென்றால் என் தலையில் முடி இல்லை. அப்போது வாயில் வந்தது இது: “செந்திலாண்டவா, ஒன்றுமில்லை என்று வந்தால் என் மருமகள் வடிவின் முடியை முழுசாக உனக்கு இறக்குகிறேன். ஆவணித் திருவிழாவுக்குள்.”

சொல்லி முடித்ததும் மனசு பஞ்சு மாதிரி ஆனது. பிறத்தியார் சொத்தைத் தானம் கொடுக்கும்போது மனசு அப்படித்தான் லேசாகும் போலிருக்கிறது.

எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். அவளுக்கு முதல் மொட்டை அதே திருச்செந்தூரில் என் மடியில் வைத்துத்தான் அடித்தது. தாய்மாமன் மடி. காது குத்தியதும் என் மடியில்தான். ஆகவே அந்தத் தலையில் எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று அந்த நேரத்தில் தோன்றியது. ஒரு வயசுக் குழந்தையை மடியில் வைத்ததற்கு இருபத்து நாலு வயசுப் பெண்ணின் தலைக்குப் பட்டா எழுதிக்கொண்ட முதல் ஆள் நான்தான்.

கவரில் வந்த முடிவு: பயப்படும்படி ஒன்றும் இல்லை. முருகன் தன் பங்கைச் செய்துவிட்டான்.

ஜூன் 22, ஞாயிறு

ஒன்பது குடம். வழவழப்பான சாட்டின் துணியில் தலையணை உறை இரண்டு. பருத்தி உறை முடியின் ஈரத்தைக் குடித்துவிடும் என்று வடிவு எப்போதோ சொன்னது.

“மாமா, உண்மையச் சொல்லுங்க. என்ன தப்புப் பண்ணீங்க?”

“மருமவளுக்கு வாங்கித் தந்தா தப்பாட்டி?”

“சீப்பு, ஆளிவெத, கத்தாழ, இப்ப தலகாணி உறை. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வாரவன் கூட இவ்வளவு செய்யமாட்டான். செத்துகித்துப் போப் போறீங்களா?”

சிரித்தேன். என் வாழ்நாளில் சிரித்த சிரிப்புகளிலேயே கேவலமானது அதுதான்.

ஜூலை 1, செவ்வாய்

லீவு போட்டுவிட்டுத் தனியாகத் திருச்செந்தூர் போய் வந்தேன். வீட்டில் எடைமேடைக்கு என்று சொன்னேன்.

போகிற வழியில் ஒரு கடையில் சவுரி தொங்கியது. பெண்கள் சடையில் வைத்துப் பின்னும் பொய்முடி. ஒன்றை வாங்கிக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டேன். இதைக் கொண்டுபோய்க் கணக்கை முடித்துவிடலாமா என்ற மாபெரும் யோசனை. சன்னிதியில் நின்றபோது காகிதம் சரசரத்தது. முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தாள். முருகன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேராகவே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்து சவுரியைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

முடி எடுக்கும் மண்டபத்துக்குப் போய் அங்கே ஒரு நாவிதரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“ஒருத்தர் இன்னொருத்தர் முடிய நேந்துக்கிட்டா அது செல்லுமா அண்ணாச்சி?”

“பிள்ளைக்குத் தாய் தகப்பன் நேர்வாங்கல்லா.”

“பெரிய பிள்ளைன்னா?”

“பெரிய பிள்ளைன்னா அதுட்டல்லா கேக்கணும்.” அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே என் தலையைப் பார்த்தார். பிறகு பார்வை மெள்ள இறங்கி என் மூக்குக்குக் கீழே வந்து நின்றது. “ஏன், உங்களுக்கா?”

கடற்காற்று ஒத்துக்கொள்ளாததால் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

பத்துக் குடம். இடுப்பு பிடித்துக்கொண்டது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வடிவு நுனி பார்ப்பாள். மாடி வெயிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிரியாக முறுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெடித்த நுனியைச் சின்னக் கத்தரியால் நறுக்குவாள். பின்பக்கம் எட்டாது. அந்த வேலையை இன்று எனக்குக் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வைரம் தேடும் வியாபாரி மாதிரி உட்கார்ந்தேன். பாம்பு நாக்கு மாதிரி இரண்டாய்ப் பிளந்த நுனிகள். நாற்பத்தொன்று எடுத்தேன். நாற்பதாயிரம் என்று எழுதலாம் என்றுதான் இருந்தேன். இன்று மனசு வரவில்லை.

“ஏட்டி, இத ஒட்ட வைக்க ஒரு மருந்தும் இல்லியா?”

“இருக்குன்னு விப்பாங்க. பொய். நுனில வெட்டாம விட்டா மேல மேல ஏறிரும் மாமா. அப்புறம் பாதி முடி போயிரும்.”

கத்தரியை வைத்துக்கொண்டு, இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“என்ன மாமா?”

“ஒண்ணுமில்ல. நாப்பத்தொண்ணு.”

அவள் சிரித்தாள். “நீங்க பார்க்கதுக்குத்தான் ரௌடி மாதிரி. கை பஞ்சு மாதிரி இருக்கு. ஒரு முடி கூட இழுக்கல.”

கீழே இறங்கி வந்து வெகு நேரம் கை கழுவினேன்.

ஜூலை 10, வியாழன்

அகப்பட்டுக்கொண்டேன்.

பிச்சம்மா துவைக்க எடுத்த சட்டைகளோடு அந்தக் கவரும் போயிருக்கிறது. நான் வேலையிலிருந்து வந்தபோது தங்கையும் வடிவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கவர். பிச்சம்மா அழுது முடித்து இரண்டாம் சுற்றுக்குத் தயாராக இருந்தாள்.

“கட்டி வந்திருக்கு. ஊசி போட்டு எடுத்திருக்கான். கூடப் பொறந்தவட்ட ஒரு வார்த்த சொல்லல. நான் என்ன செத்தா போய்ட்டேன்?”

“அதான் ஒண்ணும் இல்லன்னு வந்திருக்குல்லா பிச்சு.”

வடிவு என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. “தனியாவா போனீங்க? யாரும் இல்லாமயா பெஞ்சில உக்காந்திருந்தீங்க?” என்றாள்.

அந்தக் கேள்விதான் என்னை உடைத்தது. திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். முருகனிடம் சொன்னது, தேதி, ஆவணி, சவுரி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

வடிவு கையை எடுத்துக்கொண்டாள். முதலில் பேசியது பிச்சம்மாதான். பேசியது முருகன் பக்கம்.

“நேந்தாச்சுல்லா. அவன் கட்டிய ஒண்ணுமில்லாம ஆக்கிட்டான்லா. குடுத்துத்தான் ஆகணும். முடிதான, வளரும்.”

“வளத்தது யாரும்மா?”

“சாமி காரியத்துல கணக்குப் பாக்காதட்டி. நாளைக்கு மாமாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?”

வடிவு என்னைப் பார்த்துத்தான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. “பாத்தீங்களா மாமா. முடி போறது கூட இல்ல. நாளைக்கு உங்களுக்குச் சளி பிடிச்சாக் கூட அது என் முடியாலன்னு அம்மா சொல்லுவா. நானும் நெனப்பேன். அத ஏன் என் தலையில கட்டுனீங்க?”

நான் நடுவில் கிடந்த கவரை எடுத்து நான்காக மடித்தேன்.

“தும்புக்கட்டுன்னு பேரு வச்சீங்க. சரி, சின்னப் பிள்ளேல வெளாட்டு. அதுக்காகத்தான் போய் முடியப் பொசுக்கிட்டு வந்தேன். அதுக்கும் உங்கள ஒண்ணும் சொல்லல. இப்ப வளந்ததையும் தூக்கிக் குடுத்திட்டீங்க.”

எழுந்து உள்ளே போனாள்.

ஜூலை 13, ஞாயிறு

பத்துக் குடம் கொண்டுவந்து குளியலறை வாசலில் வைத்தேன். வடிவு அதைத் தொடவில்லை. போர் தண்ணீரில் குளித்தாள். துண்டால் முறுக்கிக் கட்டினாள்.

“ஏம்ட்டி இப்படி?” என்று பிச்சம்மா கேட்டதற்குச் சொன்னாள்: “எழுதிக் குடுத்தாச்சுல்லா. இனி அவரே கண்டிஷனர் போட்டுக்கிடட்டும்.”

பத்துக் குடத்தையும் முருங்கை மரத்துக்கு ஊற்றினேன்.

ஜூலை 16, புதன்

இரட்டைச் சடையாக இழுத்துப் பின்னிக்கொண்டு ஸ்கூலுக்குப் போகிறாள். பதினைந்து வருஷத்துக்கு முந்தின வடிவு வாசலைத் தாண்டிப் போகிற மாதிரி இருந்தது. சடை நுனி காய்ந்து விளக்குமாறு மாதிரி விரிந்து நிற்கிறது. தெருவில் யாரும் தும்புக்கட்டு என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் கொன்றிருப்பேன். எவனை என்பதுதான் தெரியவில்லை.

ஜூலை 17, வியாழன்

என்னோடு பேசவில்லை.

ஜூலை 18, வெள்ளி

“சோறு வச்சிருக்கு” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவர் பதில் சொல்லவில்லை. நான் சாப்பிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் பிச்சம்மா காலண்டரோடு வந்து நாள் பார்க்க உட்கார்ந்தாள். நான் சொல்லிவிட்டேன்: “அவ முடிய எவனும் தொடக் கூடாது. எனக்குக் கட்டி திரும்பி வந்தா வரட்டும்.” வசனம் நன்றாகத்தான் இருந்தது. நானே கொஞ்சம் உருகிவிட்டேன்.

அப்போது வடிவு மாடிப்படி ஏறி வந்தாள். பத்து நாளுக்குப் பிறகு என் அறைக்கு வருகிறாள். கையில் அந்த க்ரீம் டப்பா. மூடியைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். அவள் பத்து நாளாகப் பூசாத க்ரீமில் புதுசாக ஒரு விரல் குழி இருந்தது.

“பல்லியா மாமா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ரெண்டு வருஷமாவே தெரியும். ஆசையாப் பூசுதாகளேன்னு பெரிய டப்பாவா வாங்க ஆரம்பிச்சேன்.” டப்பாவை மேசையில் வைத்தாள். “நேத்து வகுப்புல திடீர்னு தோணுச்சு. மாமாவுக்குத் தலையிலதான முடி இல்ல. உங்ககிட்ட மீச இருந்துச்சே.”

பிச்சம்மா காலண்டரை மூடினாள்.

“அந்த பெஞ்சில உக்காந்திருக்கும்போது அது ஞாபகமே வரலையா?”

“வரலட்டி. சத்தியமா. பயத்துல ஒண்ணுமே ஓடல.”

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “செவ்வாக்கெழமை கழிச்சு அடுத்த செவ்வா எனக்கு லீவு. மூணு பேரும் போவோம். நீங்க உங்க மீசையக் குடுங்க. நான் பூமுடி குடுக்கேன்.”

“பூமுடியா? மூணு கத்தரி முடியா? முழுசும்லா நேந்திருக்கான்” என்றாள் பிச்சம்மா.

“அது மாமா நேந்தது, அவருட்ட கேளு. நான் குடுக்கது எனக்கு. மாமாவுக்கு ஒண்ணும் இல்லன்னு வந்துச்சுல்லா, அதுக்கு. என்கிட்ட மொதல்லயே சொல்லியிருந்தா நானே நேந்திருப்பேன். மொட்டையே கூட.”

இதைச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். மொட்டையே கூட என்றாள். அந்தச் சொல் இன்னும் இந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறது, ஆடும் கட்டிலில், என் பக்கத்தில்.

ஜூலை 21, திங்கள்

மீசை ஞாபகம் வரவில்லை என்று எழுத உட்கார்ந்தேன். பேனாவில் மை இருக்கிறது. எழுத வரவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

வடிவு கேட்காமலே பத்துக் குடம் கொண்டுவந்து வைத்தேன். அவள் அதில் தலை அலசினாள். பிறகு மாடி வெயிலில் உட்கார்ந்து தானே நுனி பார்த்தாள். இரண்டு வாரப் போர் தண்ணீர் நிறைய நுனிகளைப் பிளந்திருந்தது. பின்பக்கத்தையும் முடியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தானே வெட்டினாள். என்னைக் கூப்பிடவில்லை.

“செவ்வாக்கெழமதான் குடுக்கப் போறல்லா, இப்ப எதுக்குட்டி வெட்டுத?” என்று பிச்சம்மா கேட்டாள்.

“வெடிச்ச நுனியவா சாமிக்குக் குடுக்கது? நல்ல முடியில்லா குடுக்கணும்.”

அவள் போன பிறகு கண்ணாடி முன்னால் நின்றேன். முப்பத்திரண்டு வருஷ மீசை. அதற்குக் கடைசியாக ஒரு பட்டாணி க்ரீம் போடலாம் என்று கை போனது. போடவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

முதல் பஸ்ஸில் போனோம். பிச்சம்மா வழி முழுக்க, முழுசுக்குப் பதில் மூணு கத்தரி என்றால் ஆண்டவன் ஒத்துக்கொள்வானா என்று தனக்குள் கேட்டுக்கொண்டு வந்தாள். அதற்குப் பதில் எனக்குத் தெரியாது. இனி கழுத்தைத் தடவும்போதெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். வடிவு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முடியை முந்தானையால் காற்றுக்கு மூடிக்கொண்டாள்.

மண்டபத்தில் அன்றைக்குப் பார்த்த அதே நாவிதர். என்னைப் பார்த்து ஒரு தினுசாகத் தலையாட்டினார். முதலில் வடிவு உட்கார்ந்தாள். அவர் முடியைக் கையில் எடுத்துப் பார்த்து, “என்னம்மா, பட்டு மாதிரில்லா வச்சிருக்க” என்றார். மூன்று கத்தரி. மூன்று விரல்கடை நீளத்தில் மூன்று சுருள் தட்டில் விழுந்தது. அவள் முகம் மாறவில்லை. கண்ணை மூடி என்ன சொன்னாளோ, உதடு மட்டும் அசைந்தது.

பிறகு நான். பலகையில் உட்கார்ந்தேன். அவர் தண்ணீரைத் தொட்டு மீசையை நனைத்தார். கத்தி கிட்டே வந்ததும் என் மேலுதடு நடுங்க ஆரம்பித்தது. புயலில் நூறு கப்பல் ஆடுவது போல என்று எழுதலாம். வேண்டாம், ஒரு கிழவன் உதடு நடுங்குவது போலத்தான் நடுங்கியது.

“அசையாதீங்க அண்ணாச்சி. உதட்டுல பட்டுரும்.”

“நான் பிடிச்சுக்கிடுதேன்” என்றாள் வடிவு.

என் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்துக்கொண்டாள். இதே மண்டபத்தில் இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் அவளைப் பிடித்துக்கொண்ட மாதிரி. அன்று அவள் ஊரே கேட்க அழுதாள். நான் அவள் காதில் ஏதோ பொய் சொல்லி அடக்கினேன். மிட்டாய் என்றோ, யானை என்றோ.

கத்தி ஒரு பக்கம் இறங்கியது. பாதி மீசை மடியில் விழுந்தது. மற்ற பக்கத்துக்கு அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

“ஏட்டி வடிவு.”

“ம்.”

“அன்னைக்கு பெஞ்சில. மீச ஞாபகம் வந்துச்சுட்டி. மொதல்ல அதுதான் வந்துச்சு. அத விட்டுட்டுத்தான் ஒன் முடியச் சொன்னேன்.”

தலையைப் பிடித்திருந்த கை இறுகவும் இல்லை, விலகவும் இல்லை.

“தெரியும்” என்றாள். “ஆடாம உக்காருங்க மாமா.”

உட்கார்ந்தேன்.